காட்டை எண்ணினால் ரஷ்யா, கப்பலை எண்ணினால் நியூசிலாந்து

உலகத்துக் காட்டில் ஐந்தில் ஒரு பங்கு ரஷ்யாவில் இருக்கிறது. ஏறக்குறைய 81 கோடி ஹெக்டேர். இந்தியாவைப் போல இரண்டு நாடுகளை அதற்குள் வைத்த பிறகும் அரை இந்தியாவுக்கு இடம் மிச்சம் இருக்கும். நியூசிலாந்தில் வெட்டி விற்பதற்கென்றே வளர்க்கும் காடு 17, 18 லட்சம் ஹெக்டேர்தான். தமிழ்நாட்டின் பரப்பில் எட்டில் ஒரு பங்கைவிடச் சற்றுக் கூடுதல், அவ்வளவே. இந்த இரண்டு நாடுகளும் மரத்தடி, அதாவது அறுக்காத முழுத்தடி, ஏற்றுமதியில் மோதினால் யார் ஜெயிப்பார்கள் என்று கேட்பதே வேடிக்கையாகத்தான் இருக்கும். ஆனால் 2013இல் சீனாவுக்கு மிக அதிகமாக ஊசியிலை மரத்தடி அனுப்பிய நாடு நியூசிலாந்து. அதுவரை அந்த இடத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தது ரஷ்யா.

கணக்கை வரைபடமாகப் போட்டால் இன்னும் எடுப்பாகத் தெரியும். 2006இல் ரஷ்யா வெளியே அனுப்பிய முழுத்தடி சுமார் 5.1 கோடி கன மீட்டர். அதில் கொஞ்சம் பிர்ச் போன்ற இலைமரங்கள் உண்டு என்றாலும் பெரும்பகுதி பைன், ஸ்புரூஸ், லார்ச் என்ற ஊசியிலை மரங்கள். அதே காலத்தில் நியூசிலாந்து அனுப்பியது ஐம்பது, அறுபது லட்சம் கன மீட்டர். 2021க்கு வந்தால் நியூசிலாந்தின் கோடு 2.2 கோடியைத் தாண்டி நிற்கிறது. ரஷ்யாவின் கோடு வருடா வருடம் சரிந்து, 2022 ஜனவரி 1 அன்று சட்டத்தாலேயே அறுந்துபோகிறது. இரண்டு கோடுகளும் சேர்ந்து தாளில் ஒரு பெருக்கல் குறி போட்டுவிடுகின்றன.

இப்படியொரு படத்தைப் பார்த்தவுடன் மனசு ஒரு கதையைக் கட்டிவிடும். சின்ன நாடு உழைத்து மேலே வந்தது, பெரிய நாடு கோட்டைவிட்டது என்று. அந்தக் கதையில் பாதி உண்மை இருக்கிறது. மீதியைப் பார்க்க வேண்டுமானால் ஒரு அறுவை மில் வழியாகப் போய்வர வேண்டும். அதற்கு முன்னால், இந்த மரம் எதற்குப் போகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

நம் ஊர் ஆசாரிகள் பைன் மரத்தைப் பெரிதாக மதிப்பதில்லை. தேக்கும் வேங்கையும் இழைத்த கைக்கு அது வெறும் பெட்டி மரம். இயந்திர பாகங்கள் வந்திறங்கும் பொதிப் பெட்டி, கிடங்கில் சரக்கு அடுக்கும் கட்டை என்று அந்த அளவில்தான் இங்கே அதற்கு மரியாதை. குளிர்நாடுகளில் நிலைமை வேறு. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் வீட்டின் எலும்புக்கூடே ஊசியிலை மரம்தான். சீனா மூன்றாவது ரகம். அங்கே அடுக்குமாடிகள் கான்கிரீட்டில்தான் எழும்பின. ஆனால் அந்தக் கான்கிரீட்டை ஊற்ற சென்ட்ரிங் அடிக்க வேண்டுமே! பலகையும் சட்டமுமாக அடித்து, கான்கிரீட் இறுகியதும் பிரித்து, நாலைந்து முறை பயன்படுத்தித் தூக்கிப்போடுகிற மரம் அது. நியூசிலாந்திலிருந்து சீனா போன தடியில் பெரும்பங்கு இந்தச் சென்ட்ரிங்குக்கும் பொதிப் பெட்டிக்கும்தான் போனது. ஆகவே இந்த வரைபடத்தின் ஏற்ற இறக்கங்களுக்குப் பின்னால் சீனாவின் கட்டிட வேலை எப்போதும் நின்றுகொண்டிருக்கும்.

சீனா இவ்வளவு மரத்தை வெளியிலிருந்து வாங்கத் தொடங்கியதற்கு ஒரு வெள்ளம் காரணம். 1998 கோடையில் யாங்சி ஆற்றிலும் வடகிழக்கின் நதிகளிலும் பெருவெள்ளம். மேல்நிலப் பகுதிகளில் காட்டை மொட்டையடித்ததுதான் இதற்குக் காரணம் என்று அரசு முடிவுகட்டியது. யாங்சியின் மேற்பகுதியில் இயற்கைக் காட்டை வெட்டத் தடை வந்தது; வடகிழக்கில் வெட்டும் அளவு குறைக்கப்பட்டது. அடுத்த ஆண்டே மரத்தடிக்கும் அறுத்த மரத்துக்கும் இறக்குமதி வரியைச் சீனா சுழியமாக்கிவிட்டது. மில்கள் இருந்தன, ஆட்கள் இருந்தார்கள், மரம் மட்டும் இல்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் சைபீரியா.

ரஷ்யாவின் நிலைமையும் அப்போது அதற்குத் தோதாக இருந்தது. சோவியத் காலத்தில் கிழக்குப் பகுதி மரம் பெரும்பாலும் ஜப்பானுக்குப் போனது. 1968இல் இரு நாடுகளும் போட்ட ஒப்பந்தப்படி ஜப்பான் இயந்திரங்களைக் கொடுத்து மரமாகத் திரும்ப வாங்கிக்கொண்டது. 1991க்குப் பிறகு எல்லாம் குலைந்தது. ஆண்டுக்கு 30 கோடி கன மீட்டர் வெட்டிய நாடு, பத்தாண்டுக்குள் அதில் மூன்றில் ஒரு பங்குக்கு வந்துவிட்டது. மில்கள் துருப்பிடித்தன, சம்பளம் கொடுக்கப் பணமில்லை. மரத்தை அறுத்து, உலர்த்தி, தரம் பிரித்து விற்க முதல் வேண்டும். வெட்டி ரயிலில் ஏற்றிவிடுவதற்கு ஒரு ரம்பமும் ஒரு லாரியும் போதும். அப்படித்தான் மஞ்சோலி, சுய்ஃபென்ஹே போன்ற சீன எல்லை ஊர்கள் மர நகரங்கள் ஆயின. ரஷ்யத் தண்டவாளத்தின் அகலம் 1520 மில்லிமீட்டர், சீனாவுடையது 1435. எல்லையில் ஒவ்வொரு தடியையும் எப்படியும் இறக்கி மாற்றியாக வேண்டும். சரி, இறக்குகிற இடத்திலேயே அறுத்துவிடலாமே என்று அங்கேயே மில்கள் முளைத்தன. 2007இல் மட்டும் சுமார் 2.5 கோடி கன மீட்டர் தடி ரஷ்யாவிலிருந்து சீனாவுக்குப் போனது.

மாஸ்கோவுக்கு இது உறுத்தியது. உறுத்தாமல் இருந்தால்தான் ஆச்சரியம். தன் காட்டு மரம் எல்லைக்கு அந்தப் பக்கம் போய்ப் பலகையாகிறது. வேலை அங்கே, லாபம் அங்கே. அடிக்கட்டை மட்டும் இங்கே. 2007இல் ரஷ்ய அரசு தடிக்கான ஏற்றுமதி வரியை உயர்த்தத் தொடங்கியது. ஜூலையில் 6.5 சதவீதத்திலிருந்து 20 சதவீதம். 2008 ஏப்ரலில் 25 சதவீதம், எப்படியிருந்தாலும் கன மீட்டருக்குக் குறைந்தது 15 யூரோ. 2009 ஜனவரியில் 80 சதவீதம், குறைந்தது 50 யூரோ. கடைசிப் படிக்கு வரி என்று பெயரே தவிர, உண்மையில் அது தடைதான். பின்லாந்தின் காகித ஆலைகள் அலறின. அவற்றின் கூழ் மரத்தில் ஒரு நல்ல பங்கு எல்லை தாண்டி வந்துகொண்டிருந்தது. அதற்குள் 2008இன் உலக நிதி நெருக்கடி வந்துவிட, 80 சதவீதத்தை ரஷ்யா தள்ளிப்போட்டது, மறுபடியும் தள்ளிப்போட்டது. ஆனால் வாங்குபவர்களுக்குச் செய்தி போய்ச்சேர்ந்துவிட்டது. எப்போது வேண்டுமானாலும் கதவு மூடலாம் என்று தெரிந்த கடையை நம்பி யார் தொழில் நடத்துவார்கள்? ஜப்பானின் ஒட்டுப்பலகை மில்கள் ரஷ்ய லார்ச்சை விட்டுத் தங்கள் நாட்டு சீடருக்கு மாறின. 2009இல் ரஷ்யாவின் தடி ஏற்றுமதி சுமார் 2.2 கோடியாக இறங்கியது. மூன்றே ஆண்டுகளில் பாதிக்கும் கீழே. 2012 ஆகஸ்டில் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தபோது பைனுக்கு 15, ஸ்புரூஸுக்கு 13 சதவீதம் என்று ஒதுக்கீட்டோடு வரியைக் குறைக்க ரஷ்யா ஒப்புக்கொண்டது. கோடு ஆனாலும் பழைய உயரத்துக்குத் திரும்பவில்லை.

இனி நியூசிலாந்து. எனக்கு இந்தப் பகுதிதான் ரொம்பப் பிடித்தது. ரஷ்யாவின் கோட்டை அரசாணைகள் ஏற்றி இறக்கின. நியூசிலாந்தின் கோட்டுக்குப் பின்னால் ஒரு நோய், ஒரு வேலையில்லாக் காலம், ஓர் ஆந்தை, ஒரு புயல் என்று சம்பந்தமில்லாத பலர் வரிசையில் நிற்கிறார்கள்.

வடதீவின் நடுவில் எரிமலைச் சாம்பல் மண் கொண்ட மேட்டுநிலம் உண்டு. கைங்கரோவா என்று பெயர். அங்கே விட்ட ஆடும் மாடும் புல் நிறைய இருந்தும் மெலிந்து செத்தன. மண்ணில் கோபால்ட் சத்து இல்லாததுதான் காரணம் என்று 1930களில்தான் தெரியவந்தது. அதற்குள் மேய்ச்சலுக்கு உதவாத நிலம் என்று முடிவுசெய்து அங்கே மரம் நட ஆரம்பித்துவிட்டார்கள். இயற்கைக் காடு வேகமாகத் தீர்ந்துவருகிறது என்ற பயமும் அப்போது நாட்டில் இருந்தது. புதிதாக அமைந்த அரசு வனத்துறையின் முதல் தலைவராக வந்த கனடியர் எல்லிஸ், பத்தாண்டுகளில் 3 லட்சம் ஏக்கர் நடுவது என்று 1925இல் திட்டம் போட்டார். சிறைக்கைதிகள் நட்டார்கள். 1930களின் பெருமந்தத்தில் வேலையிழந்தவர்களைக் கூட்டிவந்து முகாம்களில் தங்கவைத்து நடவைத்தார்கள்.

நட்டது எந்த மரம் என்பதிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. ரேடியேட்டா பைன். சொந்த ஊர் கலிபோர்னியாவின் மான்டெரே கடற்கரை. அங்கே நாலைந்து சிறு திட்டுகளில், காற்றில் கோணிக்கொண்டு நிற்கும் அருமரம். அங்கே அதை வெட்டிப் பெரிய வியாபாரம் நடந்ததில்லை. 1850களில் நியூசிலாந்துக்கு வந்த அது, அந்த மழையிலும் மிதமான குளிரிலும் தென்னையைப் போல நேராக எழும்பியது. இன்று அந்த நாட்டின் வளர்ப்புக் காட்டில் பத்தில் ஒன்பது பங்கு இந்த ஒரே மரம். நட்ட 28 வருடத்தில் வெட்டலாம். சைபீரியாவில் ஒரு பைன் மரம் மில்லுக்குத் தகுதியாக எண்பது, நூறு வருடம் ஆகும். ஒரு ஹெக்டேர் ரஷ்யக் காடு ஆண்டுக்குச் சராசரியாக ஒன்றிரண்டு கன மீட்டர் வளர்ந்தால், ரேடியேட்டா இருபதை ஒட்டி வளர்கிறது. பரப்பில் உள்ள மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசத்தின் ஒரு பகுதியை இந்த வேகமே சரிக்கட்டிவிடுகிறது.

மிச்சத்தைச் சரிக்கட்டியது சாலையும் கடலும். ரஷ்யக் காட்டில் பெரும்பகுதிக்குச் சாலை கிடையாது. சதுப்பு நிலம் உறைந்த பிறகு, குளிர்காலத்தில் பனிமேல் வழி போட்டுத்தான் தடியை வெளியே இழுக்க முடியும். அப்புறம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ரயில். நியூசிலாந்தில் எந்தக் காட்டிலிருந்தும் சில மணி நேரத்தில் லாரி ஒரு துறைமுகத்தைத் தொட்டுவிடும். டவுரங்கா, கிஸ்போர்ன், நேப்பியர் துறைமுகங்களில் தடி அடுக்கியிருப்பது ஊரின் அடையாளமாகவே ஆகிவிட்டது.

1987இல் நியூசிலாந்து தன் வனத்துறையைக் கலைத்தது. 1990 முதல் அரசுக் காடுகளின் மரங்களை வெட்டும் உரிமையைத் தனியாருக்கு விற்றது. நிலத்தை மட்டும் விற்கவில்லை, அதன் மீது மாவோரி மக்களின் உரிமைக் கோரிக்கை நிலுவையில் இருந்தது. 2008இல் போட்ட உடன்பாட்டின்படி வடதீவின் நடுப்பகுதிக் காடுகளின் 1,76,000 ஹெக்டேர் நிலம் மாவோரிப் பழங்குடிக் கூட்டமைப்பிடம் திரும்பியது. ஆக, வருடம் தவறாமல் கப்பலேறும் தடிகளில் பலவும் நிலம் ஒருவருடையது, மரம் இன்னொருவருடையது என்ற ஏற்பாட்டில் வளர்ந்தவை.

ஆந்தை வருவது இங்கேதான். அமெரிக்காவின் வடமேற்கில் பெரும்பாலும் பழங்காட்டிலேயே வாழும் புள்ளி ஆந்தையை 1990இல் அழியும் அபாயத்தில் உள்ள இனமாகப் பட்டியலிட்டார்கள். 1991இல் நீதிமன்றம் அங்கே அரசுக் காடுகளில் மரம் விற்பதை நிறுத்திவைத்தது. பசிபிக் கரை முழுவதும் மரத்துக்குத் தட்டுப்பாடு. 1993இல் தடி விலை தாறுமாறாக ஏறியது. அதே சமயத்தில் நியூசிலாந்தில் மரம் நடும் செலவை அந்தந்த ஆண்டிலேயே வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்று வரிச்சட்டம் மாறியிருந்தது. போதாதா? ஆசிரியர், பல் மருத்துவர், கணக்காளர் எல்லோரும் கூட்டுச் சேர்ந்து ஏதாவது ஒரு மேய்ச்சல் நிலத்தை வாங்கி ரேடியேட்டா நட்டார்கள். ஓய்வுக்காலத்துக்கு ஆகும் என்ற கணக்கு. நம் ஊரில் தேக்குத் திட்டம் என்ற பேரில் பணம் வசூலித்த காலம் நினைவுக்கு வரலாம். வித்தியாசம் என்னவென்றால் இங்கே மரம் உண்மையிலேயே வளர்ந்தது. 1994இல் ஒரே ஆண்டில் சுமார் 98,000 ஹெக்டேரில் புதிதாக நட்டார்கள். அதோடு 28 ஆண்டுகளைக் கூட்டிப் பாருங்கள். 2022 வருகிறது. வரைபடத்தில் நியூசிலாந்தின் கோடு உச்சிக்குப் போகும் இடம் ஏறக்குறைய அதுதான். 'மரச்சுவர் வருகிறது', அதாவது ஒரே சமயத்தில் நட்டதெல்லாம் ஒன்றாக வெட்டுக்கு வரப்போகிறது என்று அங்கே இருபது வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வந்தே விட்டது.

இப்போது இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடத்துக்கு வரலாம். ரஷ்யா வரியை ஏற்றிய அதே 2008இல்தான் நியூசிலாந்து சீனாவுடன் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் போட்டது. வளர்ந்த நாடுகளில் முதல் நாடு அது. தடிக்கு ஏற்கெனவே வரி இல்லாததால் ஒப்பந்தம் மரத்துக்கு நேரடியாகப் பெரிய உதவி செய்யவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் இரண்டு பக்கத்து வியாபாரிகளும் நெருங்கிவந்தார்கள். 2008 நெருக்கடிக்குப் பிறகு சீன அரசு கட்டுமானத்தில் பணத்தைக் கொட்டியது. 2010இல் நியூசிலாந்தின் தடி ஏற்றுமதி ஒரு கோடி கன மீட்டரைத் தாண்டியது, 2013இல் ஒன்றரைக் கோடியை. மரம் முதிர்ந்து நின்றபோது வாடிக்கையாளரும் வாசலில் நின்றார். இது திட்டமிட்டு வந்த வெற்றி அல்ல. 1990களில் நட்டவர் எவரும் சீனாவின் சென்ட்ரிங்கை மனதில் வைத்து நடவில்லை. அவர்கள் கண்முன் இருந்தது ஜப்பான், கொரியா.

சரி, இந்த இடத்தில் ரஷ்யா தோற்றுவிட்டதா? இங்கேதான் அந்த அறுவை மில்லுக்குள் நுழைய வேண்டும்.

தடிக்கான கோட்டை ஓரமாக வைத்துவிட்டு, அறுத்த மரத்துக்கு, அதாவது பலகை, சட்டம், ரீப்பருக்கு ஒரு வரைபடம் போடுங்கள். 2006இல் ரஷ்யாவின் அறுத்த மர ஏற்றுமதி சுமார் 1.6 கோடி கன மீட்டர். 2019இல் அது 3.2 கோடியை ஒட்டி நிற்கிறது. இரண்டு மடங்கு. கிட்டத்தட்ட எல்லாமே ஊசியிலை மரம். 2018ஐ ஒட்டி, பல பத்தாண்டுகளாக முதலிடத்தில் இருந்த கனடாவையே ரஷ்யா தாண்டிவிட்டது. சீனாவுக்கு மட்டும் ஆண்டுக்கு ஒன்றரைக் கோடிக்கு மேல். நியூசிலாந்தின் அறுத்த மர ஏற்றுமதியோ இந்தக் காலம் முழுக்க இருபது லட்சத்துக்கு அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ, நகரவே இல்லை. இந்தப் படத்தில் பெருக்கல் குறி கிடையாது. தரையோடு தரையாக ஒரு கோடு, மலையேறும் இன்னொரு கோடு.

இரண்டு படத்தையும் ஒரே அளவுகோலில் கொண்டுவர மரத் தொழிலில் ஒரு வழி உண்டு. ஒரு கன மீட்டர் பலகை கிடைக்க ஏறக்குறைய இரண்டு கன மீட்டர் தடி அறுக்க வேண்டும். மீதி தூளும் சிராயும் ஆகிறது. அதன்படி பலகையைத் தடியாக மாற்றிக் கூட்டிப் பாருங்கள். 2006இல் ரஷ்யா: தடி 5.1 கோடி, பலகைக்குப் போன தடி 3.2 கோடி, மொத்தம் எட்டு கோடிக்குச் சற்று மேல். 2019இல்: தடி சுமார் 1.6 கோடி, பலகைக்குப் போனது 6.4 கோடி. மொத்தம் எட்டு கோடி! அத்தனை சட்டம், வரி, சண்டைக்குப் பிறகும் ரஷ்யக் காட்டிலிருந்து நாட்டைவிட்டுப் போன மரம் குறையவில்லை. ரம்பம் ஓடும் இடம்தான் எல்லைக்கு இந்தப் பக்கம் வந்திருக்கிறது. இது கைக்கணக்குதான், மில்லுக்கு மில் விகிதம் மாறும். என்றாலும் இந்த அளவு நெருக்கமாக வரும் என்று நானே எதிர்பார்க்கவில்லை.

ஆகவே 'தடி ஏற்றுமதியில் ரஷ்யா விழுந்தது' என்பதை அந்த நாட்டின் கொள்கை வகுத்தவர்கள் வெற்றி என்றே சொல்வார்கள். ஓரளவு சரிதான். ஆனால் வரி மட்டுமே இதைச் செய்யவில்லை. மஞ்சோலியில் மில் வைத்திருந்த சீன முதலாளிகளே எல்லை தாண்டி வந்து சைபீரியாவில் மில் போட்டார்கள். 2014 கடைசியில் ரூபிளின் மதிப்பு பாதியாகச் சரிந்தபோது ரஷ்யப் பலகை திடீரென்று மலிவாகிவிட்டது. அந்த மலிவு இல்லாமல் வரி எவ்வளவு தூரம் இழுத்திருக்கும் என்பது சந்தேகமே. இன்னொரு பக்கம், 2007 ஜனவரியில் வந்த புதிய வனச் சட்டம் காட்டைக் காக்கும் பழைய அமைப்பையே கலைத்துவிட்டது. ஆயிரக்கணக்கான வனக்காவலர்கள் வீட்டுக்குப் போனார்கள். எல்லையில் தடியை எண்ணத் தெரிந்த அரசு, காட்டுக்குள் எண்ணுவதை விட்டுவிட்டது. தடிக்கு வரி, பலகைக்கு வரி இல்லை என்றதும், தடியின் நான்கு பக்கத்தையும் லேசாகச் சீவிவிட்டுப் 'பலகை' என்று எழுதி அனுப்பினார்கள். பிறகு ஈரம் காயாத கனத்த சட்டங்களுக்கும் வரி போட்டு அந்த ஓட்டையை அடைக்க வேண்டியிருந்தது. 2020இல் புதின் உத்தரவிட்டு, 2022 தொடக்கத்திலிருந்து ஊசியிலைத் தடி ஏற்றுமதிக்கு முழுத் தடை. அதே ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் இதை எதிர்த்து உலக வர்த்தக அமைப்பில் முறையிட்டது. ஒரே மாதத்தில் உக்ரைன் போர் வந்தது. ஏப்ரலில் அதே ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்ய மரம் எதையும் வாங்குவதில்லை என்று முடிவெடுத்தது. கொடுக்க மாட்டேன் என்கிறாயே என்று வழக்குப் போட்டவர், கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்ல மூன்று மாதம் கூட ஆகவில்லை.

நியூசிலாந்தில் இதே விவாதம் தலைகீழாக நடக்கிறது. அங்கே ஆண்டுக்கு வெட்டுவது மூன்றரைக் கோடி கன மீட்டரைச் சுற்றி. அதில் அறுபது சதவீதம் அளவுக்கு முழுத்தடியாகவே கப்பலேறுகிறது. தடியை நாமே அறுத்தால் என்ன என்று ஒவ்வொரு தேர்தலிலும் யாராவது கேட்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் உள்ளூர் மில்லைவிட ஏற்றுமதி வியாபாரி அதிக விலை கொடுத்தால், முப்பது வருடம் காத்திருந்த அந்தப் பல் மருத்துவர் யாருக்கு விற்பார்? சிறு காட்டுக்காரருக்கு மில்லோடு நீண்டகால ஒப்பந்தமெல்லாம் கிடையாது. விலை ஏறும்போது வெட்டுவார், இறங்கினால் விட்டுவைப்பார். ரஷ்யாவைப் போல வரி போட்டால் அவர் வயிற்றில் அடித்த மாதிரி ஆகும். 2020இல் தடி வியாபாரிகள் பதிவுசெய்துகொள்ள வேண்டும் என்று ஒரு சட்டம் வந்தது. அதற்கு மேல் எந்த அரசும் போகவில்லை.

நியூசிலாந்தின் கோட்டில் விலையாகத் தெரியாத செலவு ஒன்று கிழக்குக் கரையில் இருக்கிறது. 1988 மார்ச்சில் போலா என்ற புயல் கிஸ்போர்ன் பகுதி மலைச்சரிவுகளை வழித்தெடுத்தது. மரம் இல்லாத மேய்ச்சல் மலைகள் என்பதால்தான் மண் இப்படிச் சரிகிறது என்று, 1992 முதல் அரசே மானியம் கொடுத்து ரேடியேட்டா நடவைத்தது. மண்ணைப் பிடித்துவைக்க நட்ட மரம். மரம் முதிர்ந்ததும் விலை நன்றாக இருந்ததால் வெட்டினார்கள். வெட்டிய சரிவில் அடிக்கட்டையும் கிளையும் முறிந்த துண்டுகளும் குவியல் குவியலாகக் கிடந்தன. 2018 ஜூன் மழையில் அத்தனையும் ஆற்றில் இறங்கி டோலகா விரிகுடாக் கடற்கரையை மூடியது. 2023 பிப்ரவரியில் கேப்ரியேல் புயலில் மறுபடியும், இன்னும் மோசமாக; பாலங்களில் மரக்குப்பை அணைபோல அடைத்துக்கொண்டது. போலாவுக்கு மருந்தாக நட்டதே அடுத்த நோயானது. விசாரணைக் குழு வந்தது, நிறுவனங்களுக்கு அபராதம் விழுந்தது. ஏற்றுமதி வரைபடத்தில் இதற்கெல்லாம் ஒரு புள்ளிகூடக் கிடையாது.

ஒப்பிடுகிறவர்களுக்கு ஒரு சின்ன எச்சரிக்கையும் உண்டு. கன மீட்டர் என்றால் எல்லோருக்கும் ஒரே கன மீட்டர் இல்லை. நம் மரவாடிகளில் தடியின் நடுச்சுற்றளவில் கால்வாசியை எடுத்து, அதைத் தன்னாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கிக் கன அடி சொல்வார்கள். அந்தக் கணக்கில் தடியின் உண்மையான கொள்ளளவில் 78 சதவீதம் சொச்சம்தான் வரும். மிச்சம் அறுவையில் போகிற சிராய்க்கு என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான். நியூசிலாந்துத் தடி சீனாவுக்கே போனாலும் ஜப்பானிய அளவுமுறையில்தான் விலை பேசப்படுகிறது. நுனியின் விட்டத்தை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குவார்கள். அடி பெருத்து நுனி சிறுத்த தடியில் இதற்கும் உண்மை அளவுக்கும் நல்ல வித்தியாசம் வரும். சில புள்ளிவிவரம் பட்டையோடு, சில பட்டை நீக்கி. நியூசிலாந்து பல அட்டவணைகளை ஜூன் வரையிலான ஆண்டாகப் போடுகிறது, மற்றவர்கள் டிசம்பர் வரை. ரஷ்யா அனுப்பியதாகச் சொல்லும் அளவும் சீனா வாங்கியதாகச் சொல்லும் அளவும் பொருந்தாத ஆண்டுகளும் உண்டு. அந்த இடைவெளியைத்தான் கள்ள வெட்டைத் துப்பறிகிறவர்கள் முதலில் பார்ப்பார்கள். ஐந்து சதவீத ஏற்றத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஐந்து மடங்கு ஏற்றம் என்றால் நம்பலாம்.

2021க்குப் பிறகு என்ன ஆனது? ரஷ்யா கதவைச் சாத்தினால் மிச்ச சந்தையும் நியூசிலாந்துக்கே என்று எதிர்பார்த்தார்கள். அதற்கு முன்பே ஐரோப்பாவில் பட்டை வண்டு ஸ்புரூஸ் காடுகளைச் சாய்த்திருந்தது. ஜெர்மனியின் செத்த மரங்கள் காலிக் கன்டெய்னரில் ஏறிச் சீனாவுக்கே வந்தன. 2020இல் கிட்டத்தட்ட ஒரு கோடி கன மீட்டர். மறுபக்கம் எவர்கிராண்டே போன்ற கட்டுமான நிறுவனங்கள் கடனில் மூழ்க, சீனாவில் சென்ட்ரிங் வேலையே குறைந்தது. 2021 நடுவில் ஜப்பானிய கன மீட்டருக்கு 200 டாலரைத் தொட்ட தடி, 2023இல் 110 பக்கம் வந்து நின்றது. லாரி, வெட்டுக்கூலி போக மலைச்சரிவில் சிறு காடு வைத்திருந்தவருக்குக் கையில் ஒன்றும் நிற்காத விலை அது.

இந்தியாவுக்கும் இதில் சிறு பங்கு உண்டு. நியூசிலாந்துத் தடி காண்ட்லாவில் இறங்கி, காந்திதாம் மில்களில் அறுபட்டுப் பொதிப் பெட்டியாகிறது. தடியில் பூச்சி வராமல் இருக்க மீத்தைல் புரோமைடு புகை போட வேண்டும் என்பது இந்தியாவின் நிபந்தனை; ஓசோன் படலத்தைக் கெடுக்கும் அந்த வாயுவைக் கப்பல் அறைகளில் போட நியூசிலாந்து கட்டுப்பாடு விதித்தது. அதனால் சில வருடம் வரத்து கிட்டத்தட்ட நின்றேபோனது. 2023இல் அதற்கு மாற்றாகப் பாஸ்பீன் புகையை இந்தியா ஏற்றுக்கொண்ட பிறகு கப்பல்கள் மறுபடி வரத் தொடங்கின. சீனாவை மட்டும் நம்பியிருப்பது நல்லதல்ல என்று பட்டுத் தெரிந்துகொண்ட நியூசிலாந்து வியாபாரிகள் இந்தச் சந்தையைத் தட்டிக்கொடுத்து வளர்க்கப் பார்க்கிறார்கள்.

ரஷ்யாவின் கோடு அடுத்து எங்கே போகும் என்பது போரையும் மாஸ்கோவையும் பொறுத்தது. அதை யாராலும் சொல்ல முடியாது. நியூசிலாந்தின் கோட்டை மட்டும் இப்போதே ஓரளவு வரைந்துவிடலாம். 1994இல் 98,000 ஹெக்டேர் நட்ட நாடு, 2000க்குப் பிறகு ஆர்வமிழந்தது. மேய்ச்சல் நிலம் பால் பண்ணைக்கு நல்ல விலை போனது, மரத்துக்கு விலை இல்லை. 2008ஐ ஒட்டிய ஆண்டுகளில் புதிதாக நட்டது வருடத்துக்குச் சில ஆயிரம் ஹெக்டேர்தான். அந்த மரங்கள் வெட்டுக்கு வருவது 2036 வாக்கில்.